அலகின் நிறமும் புலவர் கண்ணும்

இறகு, அலகு, கால் ஆகியவற்றின் நிறத்தை நோக்கிப் புள்ளினத்தைப் பகுத்தறியும் வழக்கம் தமிழரிடையே நெடுங்காலமாக உண்டு. புலவர் பாட்டே அதற்குச் சான்று.

குறுந்தொகையின் 25ஆம் பாடலில், தலைவியின் களவு மணத்திற்கு ஒரே சான்றாகக் கபிலர் ஒரு குருகை நிறுத்துகிறார். ஆரல் மீனை எதிர்நோக்கி நிற்கும் அப்பறவையின் காலுக்கு அவர் கண்ட உவமை தினையின் தாள். வெண்கொக்குகளின் கால்கள் பெரும்பாலும் கருமையானவை. நம் வயல்வரப்பில் நிற்கும் மடையானின் காலோ மங்கிய பசுமை. குருகு என்னும் பொதுப்பெயரை அவ்வோர் உவமை சிறப்புப் பெயராக்கி விடுகிறது.

சத்திமுத்தப் புலவர் இதனினும் நுட்பமானவர். மதுரையில் குளிரால் நடுங்கிய அவர், தம் வறிய மனைவிக்குத் தூது விடுத்த நாரைக்குச் செங்காலையும் பவள நிற அலகையும் அடையாளமாக்கினார்; அலகின் வடிவுக்குப் பிளந்த பனங்கிழங்கை உவமித்தார். வேடந்தாங்கலில் கூடு கட்டும் மஞ்சள் மூக்கு நாரைக்கு அந்நிறம் பொருந்தாது. அலகும் காலும் ஒருங்கே சிவந்தது வெண்ணாரையே. அது குளிர்காலத்தில் நம் நாட்டிற்கு வந்து வடக்கே மீள்வது. புலவரும் குமரியாடி வடதிசை திரும்பும் வழியிலேயே தூதுரைக்க வேண்டுகிறார். நிறமும் வழியும் ஒத்து வருவது வியப்பன்றோ!

எனினும் நிறம் நிலையானதன்று. பெரிய கொக்கின் மஞ்சள் அலகு இனப்பெருக்கக் காலத்தில் கறுக்கும். உண்ணிக்கொக்கின் வெண்தலையும் கழுத்தும் அக்காலத்தில் பொன்னிறம் பூணும். சின்னக் கொக்குக்கோ அலகு என்றும் கருமை. கரிய காலின் விரல்கள் மட்டும் மஞ்சள். ஆதலின் பருவத்தையும் உடன் அறிந்தவரே பறவையை அறிந்தவராவர். முதற்பொருளுள் காலத்தையும் நிலத்தையும் இணைத்து வைத்த நம் இலக்கணத்திற்கு இது புதிதன்று.

நம் பகுதிக்குத் தெற்கே, மதுராந்தகம் வட்டத்தில் உள்ளது வேடந்தாங்கல். வேடரின் பெயரைத் தாங்கிய அவ்வூரே பறவைகளுக்குப் புகலிடமானது. பறவை எச்சத்தால் வளம் பெற்ற ஏரிநீர் தம் கழனிக்கு உரமாவதை உழவர் கண்டறிந்தனர். ஆங்கிலப் படையினர் பறவைகளைச் சுட்டபோது முறையிட்டு, 1798இல் செங்கற்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸிடம் காப்புரிமை பெற்றனர். 1936இல் அது சரணாலயமாயிற்று. 2022இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பெற்றது. இவ்வனைத்திற்கும் வித்து, ஊர்மக்களின் கூர்த்த நோக்கே.

திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதியில் தொழிற்சாலை மதில்களுக்கிடையே எஞ்சிய ஏரிகளிலும் கொக்கும் மடையானும் நிற்கின்றன. என் மாணவியர் பலர்க்கு வெண்மையாய் நிற்பவை யாவும் கொக்கே. அவர்களை மட்டும் குறை கூறுவது முறையன்று. பத்தாண்டுகளாக நம் வட்டத்தில் வாசிக்கப்பட்ட கவிதைகளில் 'பறவை' என்னும் பொதுச்சொல்லே மிகுதியும் பறந்தது; என் கவிதைகளும் அதற்கு விலக்கல்ல. பெயரறியாத ஒன்று ஏரியை விட்டு நீங்கினால், நீங்கியது இன்னதெனச் சொல்லவும் நமக்கு நாவெழாது.

பவள அலகைக் கண்டு பாடிய புலவருக்குக் கற்றறிந்த கருவி யாதும் இல்லை. கண் ஒன்றே இருந்தது. அடுத்த பத்தாண்டில் நம் கவிஞர் ஒவ்வொருவரும் தத்தம் ஊர் ஏரிக்கரையில் ஒரு பறவையையேனும் அதன் அலகும் காலும் அறிந்து பாடுவாராக.