மண்வாசனையைச் சுமந்த குடல்வாசி

மனிதக் குடலில் வாழும் பாக்டீரியா கலைக்கு ஊடகமான வரலாற்றில் பெங்களூருக்கும் ஓர் இடம் உண்டு. 2009ஆம் ஆண்டு, எலகங்காவிலுள்ள ஸ்ருஷ்டி கலை, வடிவமைப்புக் கல்லூரியின் மாணவர் குழு ஒன்று, ஈ.கோலை பாக்டீரியாவிலிருந்து முதல் மழையின் மண்வாசனையை வரவழைக்கும் பணியை மேற்கொண்டது. கலைஞர் யஷஸ் ஷெட்டி வழிகாட்டினார். தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் துணையும் கிடைத்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் அப்போது நடைபெற்றுவந்த 'ஐஜெம்' தொகுப்புயிரியல் போட்டிக்கு, அறிவியல் மாணவர்களிடையே கலை மாணவர்களாகவே அவர்கள் சென்றனர்.

மண்வாசனைக்கு முக்கியக் காரணம் ஜியோஸ்மின் என்னும் சேர்மம். 1965இல் பெயரிடப்பட்ட இதனை, ஸ்ட்ரெப்டோமைசிஸ் முதலிய மண்வாழ் பாக்டீரியாக்கள் உண்டாக்குகின்றன. அதற்குரிய நொதியின் மரபணுவை ஈ.கோலையினுள் புகுத்துவதே மாணவர்களின் திட்டம்.

இப்படைப்பைப் பற்றிய பேச்சில் மழையே முன்னிற்கிறது. வாசனையைச் சுமந்த உயிரி மறைந்துவிடுகிறது. அதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1885இல் தியோடர் எஷரிச் குழந்தைகளின் மலத்தை ஆராய்ந்தபோது ஈ.கோலையை இனங்கண்டு விவரித்தார். ஆய்வகங்களில் பெரிதும் பயன்படும் அதன் கே-12 வகை, 1922இல் கலிபோர்னியாவில் தொண்டை அடைப்பான் நோயிலிருந்து மீண்ட ஒருவரின் மலத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. பல்லாண்டுகள் ஆய்வகத்திலேயே வளர்ந்த கே-12, மனிதக் குடலில் நிலைபெறும் திறனைப் பெரும்பாலும் இழந்துவிட்டது. உடலிலிருந்து வந்ததாயினும் உடலுக்குத் திரும்ப இயலாத உயிரி அது.

இதே பாக்டீரியாவின் டி.என்.ஏ.வில் 1986இல் ஜோ டேவிஸ் ஓர் உருவக்குறியைப் பொதித்து, 'மைக்ரோவீனஸ்' எனப் பெயரிட்டார். அக்குறி கண்ணுக்குத் தெரியாது. மரபெழுத்துகளை வாசிக்கத் தெரிந்தவருக்கே புலப்படும். பெங்களூர் மாணவர்களோ எவரும் விளக்கமின்றி அறியும் ஒன்றைத் தேர்ந்தனர். கோடை மழையில் நனைந்த தெருவின் மணத்தை அறிய உயிரியல் படித்திருக்க வேண்டியதில்லை.

ஆயினும் அந்த மணம் எளிதில் தெருவுக்கு வர இயலாது. மரபணு மாற்றிய நுண்ணுயிரிகளைக் கையாளுதலும் வெளிவிடுதலும் இந்தியாவில் 1989ஆம் ஆண்டின் விதிகளுக்கு உட்பட்டவை. எல்லோருக்கும் பழகிய அனுபவம், சிலர் மட்டுமே நுழையும் அறைக்குள் உருவாகிறது. அந்தப் பாதுகாப்பு தேவையானதே. ஆனால், உள்ளே என்ன ஆக்கப்பட வேண்டும் என்னும் முடிவில் வெளியிலிருப்போருக்கும் பங்கு உண்டா என்பது வேறு கேள்வி. கலை மாணவர்கள் பார்வையாளராக நில்லாமல் ஆய்வக மேசையில் அமர்ந்ததன் வரலாற்று முக்கியத்துவம் அக்கேள்வியை எழுப்பியதில்தான் இருக்கிறது.