உறையும் கச்சும்

சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடனுக்குரிய கிடங்கில், இன்று திண்டிவனத்துள் அடங்கிய ஊர். அவன் கொடையைப் பாடுகின்ற நாம், அக்கால வீரர் இடையில் தாங்கிய வாளுறையை எண்ணுவதில்லை. தோலும் மரமும் மண்ணில் மட்குவன. ஆதலின் பழைய உறைகள் அகழாய்வில் அரிதாகவே கிட்டும். பாட்டும் கல்லுமே சான்று.

நப்பூதனாரின் முல்லைப்பாட்டில், பாசறை விளக்கேற்றும் மங்கையர் வரிக்கச்சில் வாள் பூண்டுள்ளனர். கையில் நெய்வார்க்கும் குழாய். படைக்கலம் இடையில்தானே இருத்தல் வேண்டும்! (உரையாசிரியர்களைப் படிக்கும் நம் கவிஞர்கள் இவ்விடத்தில் சற்றே நிற்கலாம்.)

செங்கம் வட்டாரத்துப் பல்லவர்கால நடுகற்கள் சிலவற்றிலும் இவ்வமைப்பே. ஆநிரை மீட்கப் பொருதவனுக்கு வில்லேந்தக் கை வேண்டும். நெருங்கிய போருக்குரிய குறுவாள் இடைக்கச்சில் உறைக்குள் காத்திருக்கிறது. கல்வெட்டு அரசனின் ஆட்சியாண்டையும் வீரன் பெயரையும் கூறும், உறையைக் கூறாது. அதைக் காட்டியவன் பெயர் பொறியாத சிற்பி.