ஹருகோ சுகிமுரா: மேடையின் நாயகி, திரையின் சாமானியப் பெண்

ஜப்பானின் நவீன நாடக மேடையில் அறுபது ஆண்டுகளுக்கு மேல் நின்றவர் ஹருகோ சுகிமுரா. மேடையில் அவர் நாயகி. திரைப்படங்களில் பெரும்பாலும் அத்தையாகவும் அக்காவாகவும் பக்கத்து வீட்டுக்காரியாகவும் வந்தார். நாயகி வேடத்துக்குத் தந்த அதே உழைப்பை இந்தச் சிறு வேடங்களுக்கும் தந்ததுதான் அவருடைய பெருமை.

ஹிரோஷிமாவில் பிறந்த சுகிமுரா மர வியாபாரி ஒருவரின் வளர்ப்பு மகளாக வளர்ந்தார். பாடகியாக வேண்டும் என்பதே முதல் ஆசை. டோக்கியோ இசைப் பள்ளியின் நுழைவுத் தேர்வில் இரண்டு முறை தோற்றபின், ஊருக்குத் திரும்பிப் பெண்கள் பள்ளியொன்றில் இசை கற்பித்தார். 1927இல் சுகிஜி சிற்றரங்கக் குழு ஹிரோஷிமாவில் நாடகம் போட்டது. கபுகி மரபில் பெண் வேடங்களை ஆண்களே ஏற்றுவந்த நாட்டில், இப்சன், செக்கோவ் பாணி யதார்த்த நாடகத்தைப் பெண்களையும் மேடையேற்றி நடத்திய குழு அது. அந்த நாடகம் அவரை டோக்கியோவுக்கு இழுத்துச் சென்றது. பேச்சில் ஹிரோஷிமா வட்டார வாடை பலமாக இருந்ததால் முதலில் வசனமே இல்லாத வேடம்தான் கிடைத்தது.

1937இல் குனியோ கிஷிடா உள்ளிட்ட மூன்று எழுத்தாளர்கள் புங்ககுஸா நாடகக் குழுவைத் தொடங்கியபோது அதில் சேர்ந்தவர், இறுதிவரை விலகவில்லை. 1945 ஏப்ரலில், விமானக் குண்டுவீச்சுக்கு நடுவே, கவோரு மொரிமோட்டோ எழுதிய ‘ஒரு பெண்ணின் வாழ்க்கை’ டோக்கியோவில் அரங்கேறியது. கேய் என்ற அநாதைச் சிறுமி ஒரு வணிகக் குடும்பத்தில் அடைக்கலம் புகுகிறாள். இளைய மகன்மீது மனம் வைத்தவள் மூத்தவனை மணக்கிறாள்; குடும்பத் தொழிலைத் தாங்கி நடத்துகிறாள்; போரில் எரிந்த வீட்டின் நடுவே முதியவளாக நிற்கிறாள். சிறுமி முதல் முதுமை வரை எல்லாப் பருவங்களையும் சுகிமுராவே நடித்தார். மொரிமோட்டோ மறு ஆண்டே காசநோயால் இறந்தார். கேயாக 900 முறைக்கு மேல் மேடையேறிய சுகிமுரா, எண்பது வயதைத் தாண்டிய பிறகும் அந்தச் சிறுமியாக வந்தார். 1953இல் டென்னசி வில்லியம்ஸின் ‘ஆசை என்னும் டிராம் வண்டி’ நாடகத்தில் ஏற்ற பிளான்ச் அவருடைய இன்னொரு நெடுங்கால வேடம்.

திரையில் அவரைக் கவனிக்க வைத்தது 1940இல் வந்த ‘சிறு தீவின் வசந்தம்’. அதில் தொழுநோயாளியாக நடித்தார். இளம் நட்சத்திரமாக இருந்த ஹிதெகோ தகாமினே, அந்த நடிப்பைப் பார்த்த பிறகே தன் தொழிலை அக்கறையோடு பார்க்கத் தொடங்கினார்.

போருக்குப் பின் இயக்குநர் யசுஜிரோ ஓசு அவரைத் தொடர்ந்து அழைத்தார். ‘இளவேனில்’ படத்தில் அவர் ஒரு தாய். மனைவியை இழந்த தன் மகனுக்கு நீயே மனைவியாக வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் தயங்கித் தயங்கிச் சொல்கிறாள். அவள் சட்டென்று சம்மதித்ததும் தாயால் நம்ப முடியவில்லை. கண் கலங்கிய மறுகணமே, இனிப்பு பன் சாப்பிடுகிறாயா என்று கேட்கிறாள். ‘டோக்கியோ கதை’யில் (1953) அழகு நிலையம் நடத்தும் மூத்த மகள் ஷிகே. தாயின் மரணத்தில் வாய்விட்டு அழுகிறாள்; ஈமச்சடங்கு விருந்திலேயே தாயின் கிமோனோவையும் இடைப்பட்டையையும் நினைவுப்பொருளாகக் கேட்கிறாள். அழுகையும் உண்மை, ஆசையும் உண்மை. இரண்டில் ஒன்றையும் அவர் மழுப்பவில்லை. அதனால்தான் ஷிகே கொடியவளாகத் தெரியாமல், எந்தக் குடும்பத்திலும் இருக்கக்கூடிய பெண்ணாகத் தெரிகிறாள். மிக்கியோ நருசேயின் ‘பின்பருவச் சாமந்தி’யில் (1954) வட்டிக்குப் பணம் கொடுக்கும் முன்னாள் கெய்ஷாவாகவும், அகிரா குரோசவாவின் ‘சிவப்புத் தாடி’யில் (1965) விலைமாதர் விடுதித் தலைவியாகவும் நடித்தார்.

1963 அவருக்குச் சோதனையான ஆண்டு. ஜனவரியில் ஹிரோஷி அகுதகவா உள்ளிட்ட முன்னணி நடிகர்கள் புங்ககுஸாவைவிட்டு வெளியேறினர். நவம்பரில் யுகியோ மிஷிமாவின் புதிய நாடகத்தை அதன் அரசியல் உள்ளடக்கத்துக்காகக் குழு நிறுத்திவைக்க, மிஷிமாவும் பிரிந்தார். சிதறிய குழுவைத் தூக்கி நிறுத்தும் பொறுப்பு சுகிமுராவின் தோளில் விழுந்தது. குழு நிலைத்து நின்றது.

1995இல் வெளியான கனேத்தோ ஷிண்டோவின் ‘பிற்பகல் உயில்’ அவருடைய கடைசிப் படம்; வேடமும் முதிய நாடக நடிகைதான். கினேமா ஜும்போ இதழ் அதை அந்த ஆண்டின் சிறந்த ஜப்பானியப் படமாகத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு அரசு அளிக்க முன்வந்த பண்பாட்டு விருதை அவர் ஏற்க மறுத்தார். 1997 ஏப்ரல் 4 அன்று கணையப் புற்றுநோயால் காலமானார். யோமியூரி நாடக விருதுகளில் புதிய தலைமுறைக் கலைஞர்களுக்கான பரிசு அவர் பெயரில் வழங்கப்படுகிறது.