மேல் சிகிச்சைச் சீட்டு கையில் வந்த பிறகு: கொடைக்கானல் மலைக் குடும்பங்கள் கவனத்திற்கு

கொடைக்கானலில் டாக்டர் "மேல் சிகிச்சைக்குக் கொண்டு போங்கள்" என்று சீட்டு எழுதிக் கொடுத்த பிறகு, அறுவை சிகிச்சை நடக்க எத்தனை நாள் ஆகும்? சீட்டில் அதற்குப் பதில் இருக்காது. ஏனென்றால் தாமதம் ஒரே இடத்தில் ஏற்படுவதில்லை. பிரசவ மரணங்களை ஆராய்ந்த தடியஸ், மெய்ன் என்ற இருவர் 1994-ல் அதை மூன்றாகப் பிரித்தார்கள்: முடிவெடுப்பதில், போய்ச் சேர்வதில், சேர்ந்த பின் சிகிச்சை கிடைப்பதில். மலைவாசிகளுக்கு இது அப்படியே பொருந்தும்.

முதல் தாமதம் நம் வீட்டிலேயே. "பெருநாள் கழியட்டும்", "சவூதியிலிருந்து மகன் வரட்டும்" என்போம். கண்புரைக்கு இது பெரும்பாலும் பாதகமில்லை. வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த நன்னிக்கு அப்படியல்ல. பிரிட்டனில் இதற்கு 36 மணி நேரத்துக்குள் அறுவை செய்வதை இலக்காக வைத்திருக்கிறார்கள். படுக்கையில் கழியும் ஒவ்வொரு நாளும் சளிக்காய்ச்சல், படுக்கைப்புண், ரத்தக்கட்டு என்று ஆபத்து கூடும். சிறுவனுக்குத் திடீரென விதைப்பையில் கடும் வலி வந்தால், விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அதற்கு 6 மணி நேரம்தான் கணக்கு. வெட்கப்பட்டு வீட்டில் சொல்லாமல் இருக்கும் பிள்ளைகள் உண்டு. ஆகவே டாக்டரிடம் முதலில் கேளுங்கள்: "இது எவ்வளவு நேரம் பொறுக்கும்?" பதிலைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

இரண்டாவது, பாதை. அவசர அறுவை சிகிச்சை 2 மணி நேரப் பயணத்துக்குள் கிடைக்க வேண்டும் என்று 2015-ல் லான்செட் ஆணையம் சொன்னது. மதுரை ராஜாஜி மருத்துவமனை கொடைக்கானலிலிருந்து சுமார் 120 கி.மீ. மன்னவனூர், கூக்கால் மக்களுக்கு கொடைக்கானல் வருவதே தனிப் பயணம். சீசன் நெரிசல் வேறு. 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கேட்பதே அதனால்தான். காட்ரோட்டில் இறங்கியதும் ஒரு பக்கம் தேனி, மறுபக்கம் வத்தலக்குண்டு வழியாகத் திண்டுக்கல், மதுரை. எங்கே அந்தச் சிறப்பு மருத்துவர் இருக்கிறார் என்று புறப்படும் முன்பே இங்குள்ள டாக்டரைப் போனில் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். தவறான இடத்துக்குப் போய் மறுபடி சீட்டு வாங்கினால் ஒரு நாள் போச்சு.

மூன்றாவது, மருத்துவமனைக்குள். அரசு மருத்துவமனையில் ஒவ்வொரு பிரிவுக்கும் அறுவை அரங்கு நாள் உண்டு; விபத்து கேஸ் வந்தால் திட்டமிட்ட அறுவை தள்ளிப்போகும். சர்க்கரை கூடியிருந்தாலும் மயக்க மருந்து டாக்டர் ஒப்புக்கொள்ள மாட்டார். பழைய ஸ்கேன், ரத்த அறிக்கை, சாப்பிடும் மாத்திரைகள் கையில் இருந்தால் சில பரிசோதனைகளாவது மிச்சமாகும். தனியாரில் வரிசை குறைவு, ஆனால் பணம் புரட்டும் நாட்கள்தான் அங்கே வரிசை.

முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அரசு மருத்துவமனையிலும் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் செல்லும். 2022 ஜனவரியில் புதுப்பிக்கப்பட்டபோது ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய், குடும்பத்துக்குக் காப்பீடு 5 லட்சம் என்று வைத்தார்கள். திட்டமிட்ட அறுவைக்கு முன் அனுமதி வேண்டும். அட்டை இல்லாமல் போய், வருமானச் சான்றுக்காக மலையேறி வி.ஏ.ஓ.வைத் தேடுவதில்தான் பல குடும்பங்களுக்கு நாட்கள் கரைகின்றன. ஜமாஅத்தில் ஒரு நாள் உட்கார்ந்து, அட்டை இல்லாத வீடுகளைக் கணக்கெடுத்து, ரேஷன் அட்டை, ஆதாருடன் ஆட்சியர் அலுவலகப் பதிவு மையத்துக்கு அழைத்துப் போகலாம். உயிர் போகும் அவசரத்தில் மட்டும் அட்டைக்காகக் காத்திருக்காதீர்கள். 108-ல் அரசு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், காகிதம் பின்னால் வரட்டும்.