இடது ஓரத்தில் ஒருவன்

போன வாரம் உங்களை ஜகார்த்தாவில், நம் கால்பந்து அணியின் பஸ்ஸுக்குள் உட்கார வைத்துவிட்டு நான் பாட்டுக்குப் போய்விட்டேன். தப்புதான். பிள்ளையார்பாளையம் தெருவில் ஒரு பெரியவர், தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து என்னை வழிமறித்தார்.

“ஏம்ப்பா, அந்த பஸ்ஸு மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்துச்சா இல்லையா?”

சேர்ந்தது ஐயா. சேர்ந்த விதத்தைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

பஸ்ஸின் முன்னால் கட்டியிருந்த இந்தியக் கொடியைக் கழற்றிவிட்டார்கள். ஜர்னைல் சிங்கும் திரிலோக் சிங்கும் இருக்கையில் இல்லை. கீழே, தரையில். வெளியே நிற்பவர்கள் கண்ணில் தலைப்பாகை பட்டால் போதும், கல் பறக்கும். இஸ்ரேலையும் தைவானையும் சேர்க்காத போட்டிக்கு ஆசிய விளையாட்டு என்ற பெயர் எதற்கு என்று இந்திய விளையாட்டு அதிகாரி சோந்தி கேட்டாரே, அந்தக் கேள்விக்கு வட்டியும் முதலுமாகக் கட்டப் போகிறவர்கள் இந்தப் பதினொரு பேர்.

அவர்களில் ஒருவன்தான் நம் ஆள். துளசிதாஸ் பலராம்.

செகந்திராபாத்தை அடுத்த அம்முகுடாவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த பையன். பூட்ஸ் வாங்க வழியில்லாமல், போலீஸ்காரர்கள் கழித்துப் போட்ட பழைய பூட்ஸை வெட்டித் தைத்துப் போட்டுக்கொண்டு ஆடியவன். ஹைதராபாத் வரை பயிற்சிக்குப் போய்வரக் கையில் காசில்லை. இரவல் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனான். இருபது வயதில் மெல்போர்ன் ஒலிம்பிக். அடுத்து ரோமில், ஹங்கேரியின் வலைக்குள்ளேயே ஒரு கோல். இதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம்.

அந்தப் பையனைக் கண்டெடுத்தவரும் இப்போது அதே பஸ்ஸில்தான் இருக்கிறார். ரஹீம் சாஹேப். அணியின் பயிற்சியாளர், முன்னாள் பள்ளிக்கூட வாத்தியார். குரலை உயர்த்தாமலே பையன்களைக் கட்டி ஆள்கிறவர். முதல் நாள் அவர்களிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: நாளைக்கு எனக்கு ஒரு பரிசு வேண்டும், தங்கத்தை ஜெயித்துக் கொடுங்கள்.

உத்தரவு போட்டிருந்தால் பையன்கள் தாங்கியிருப்பார்கள். வாத்தியாரே வாய் திறந்து கேட்டுவிட்டால் எப்படித் தாங்குவது?

இறுதி ஆட்டம். எதிரே தென் கொரியா. இதே ஜகார்த்தாவில், முதல் ஆட்டத்திலேயே நம்மை 2-0 என்று மண்ணைக் கவ்வ வைத்தவர்கள். மறுபடி அவர்களிடமே போய் நிற்க வேண்டும்.

ரஹீம் அன்று துணிந்து செய்த காரியங்களைப் பாருங்கள். கோல்கீப்பர் தங்கராஜுக்குக் காய்ச்சல் வந்து, முந்தின ஆட்டத்தில் கோலைக் காத்தவர் பர்மன். குறை சொல்ல முடியாத ஆட்டம். ஆனாலும் ரஹீம் தங்கராஜைத்தான் திரும்ப இறக்கினார். கொரியர்கள் பந்தை உயர உயரத் தூக்கி அடிப்பார்கள். ஆறடிக்கு மேல் வளர்ந்த நம் தங்கராஜின் கைக்கு அங்கே வேலை இருக்கும் என்பது அவர் கணக்கு.

அடுத்தது ஜர்னைல். தடுப்பாட்டத்தில் மலை மாதிரி நிற்கிறவர். தாய்லாந்து ஆட்டத்தில் மண்டை பிளந்து தையல் போட்டிருந்தது. அவரைப் பின்வரிசையில் நிறுத்தாமல், முன்னால் சென்டர் ஃபார்வர்டாகப் போட்டார். தையல் போட்ட தலையை எதிரியின் கோலுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிற தைரியத்தை என்னவென்று சொல்வது!

மூன்றாவது காரியத்தை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. எனக்கோ அதுதான் முக்கியம்.

பலராமுக்கு உள்ளே நின்று கோல் அடிக்கத் தெரியும். ஜப்பானுக்கு எதிராக இதே போட்டியில் அடித்திருக்கிறார். ஆனால் உள்ளே, இடது பக்கத்தில், கேப்டன் சுனி கோஸ்வாமி. அதனால் பலராமுக்குக் கிடைத்தது இடது ஓரம். கோட்டை ஒட்டி ஓடு, எதிரியை உன் பக்கம் இழு, பந்தை உள்ளே கொடு. பெயர் வாங்குகிற வேலை இல்லை.

நான் இதைச் சொன்னதும் பிள்ளையார்பாளையத்துப் பெரியவர் சிரித்தார். “கோர்வைத் தறியில எதிர்க்கரைக்கு உக்கார்ற பையன் கதைதான்.”

நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டாம். வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வரி: கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கு இரண்டு நாடா. நெய்கிறவர் தறிக்குள்ளே. கூட ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து மறு கரைக்கான நாடாவைப் போடுவார். அவர் ஒரு இழை தவறினால் கரையும் உடலும் கோர்க்காது. சேலை நெய்தவர் யார் என்று கேட்டால் மட்டும் அவர் பெயர் வராது.

சரி, செனயன் மைதானத்துக்கு வாருங்கள். ஏறக்குறைய ஒரு லட்சம் பேர். நம் தேசிய கீதம் ஒலிக்கிறது.

ஊளையிடுகிறார்கள்.

பதினொரு பேரும் அசையாமல் நிற்கிறார்கள். அத்தனை கூட்டத்தில் நமக்காகக் கை தட்டியது ஒரு சிறு கும்பல். யார் தெரியுமா? பாகிஸ்தான் ஹாக்கி அணி! அங்கேயே நம்மைத் தோற்கடித்துத் தங்கம் வாங்கிய அதே ஆட்கள்.

விசில்.

கொரியர்களுக்கு முதல் குழப்பம் ஜர்னைல். தடுப்பில் இருக்க வேண்டிய ஆள் தங்கள் கோலுக்கு முன்னால் என்ன செய்கிறான்? அவரைப் பார்ப்பதா, சுனியைப் பார்ப்பதா, வலது ஓரத்தில் பாயும் பி.கே. பானர்ஜியைப் பார்ப்பதா, இடது கோட்டில் ஓடிக்கொண்டே இருக்கும் பலராமைப் பார்ப்பதா?

பதினேழாவது நிமிடம். பி.கே.!

1-0.

ஊளை சற்றே அடங்கியது. மூச்சு விடுவதற்குள், இருபதாவது நிமிடம்.

ஜர்னைல்!

தையல் போட்ட தலையோடு வந்த மனிதர் கோலடித்துவிட்டார். மூன்றே நிமிடத்தில் 2-0.

அதற்கப்புறம்தான் ஐயா, நரக வேதனை. எழுபது நிமிடம் பாக்கி. கொரியா விடுமா? தங்கராஜ், அருண் கோஷ், சந்திரசேகர், திரிலோக் எல்லோருக்கும் கை நிறைய வேலை. முன்வரிசைக்காரர்களும் ஓய முடியாது. ஸ்கோர் போர்டில் பெயர் ஏறாத ஆட்டம் இதுதான்.

எண்பத்தைந்தாவது நிமிடம். கொரியா ஒன்றைத் திருப்பி அடித்தது.

2-1.

ஒரு லட்சம் பேரும் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டார்கள். இன்னும் ஐந்து நிமிடம். ஒரு கோல் விழுந்தால் சமம். சமமானால், இந்தக் கூட்டத்துக்கு நடுவே, மேற்கொண்டு ஆட வேண்டும்.

நான்கு நிமிடம்.

மூன்று.

ரஹீம் கேட்ட பரிசு இன்னும் கைக்கு வரவில்லை.

இரண்டு.

ஒன்று.

விசில்!

தங்கம். ஊளையிட்ட மைதானத்திலேயே மறுபடி நம் கீதம். இந்தத் தடவை, மேடையின் உச்சியில் நின்று.

பி.கே.யின் பெயர் ஏட்டில் ஏறியது. ஜர்னைலின் தலைக்கட்டு கதையானது. தலைமை தாங்கிய சுனிக்கு மாலை. இடது ஓரத்துப் பையன் கழுத்திலும் ஒரு பதக்கம் தொங்கியது. அதே ஆண்டில் அர்ஜுனா விருதும் வந்தது. வயது 25, அடுத்த மாதம்தான் 26. இன்னும் பத்து வருடம் ஆடலாம் என்றுதான் எவரும் கணக்குப் போட்டிருப்பார்கள்.

ஆனால் அன்று மைதானத்தை விட்டு வெளியேறியவர்களில் இரண்டு பேருக்கு நெஞ்சுக்குள்ளேயே எதிரி காத்திருந்தான். அடுத்த ஒரு வருடத்துக்குள் இரண்டு பேருடைய நுரையீரலும் அவர்களைக் கைவிடப்போகிறது.

ஒருவர் ரஹீம் சாஹேப்.

மற்றவர்?

(அடுத்த வாரம்)