பல்லாவரம் கல்லும் இருளர் சொல்லும்

தாம்பரத்தில் இருந்து எழும்பூருக்கு மின்சார ரயிலில் போகிறவர்கள் தினமும் பல்லாவரத்தைத் தாண்டித்தான் போகிறோம். 1863 மே 30 அன்று, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபுட் இங்கேதான் ஒரு கற்கோடாரியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆய்வே அங்கிருந்துதான் ஆரம்பம்னு சொல்லுவாங்க. அவர் பின்னாளில் சேர்த்த கற்கருவிகளை 1904ல் சென்னை அருங்காட்சியகம் வாங்கியது.

அப்போது அங்கே கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன் (1885-1908). கல்லைச் சேகரித்த அதே இடம் மனிதர்களையும் அளந்தது. தலை எவ்வளவு அகலம், மூக்கு எவ்வளவு நீளம்னு கருவி வைத்து அளந்தார் தர்ஸ்டன். ரங்காச்சாரியின் துணையோடு 1909ல் ஏழு தொகுதிகளாக வந்த அவருடைய நூலில் செங்கல்பட்டுப் பக்கத்து இருளரும் இருக்கிறார்கள்.

டேட்டாபேஸ் வடிவமைக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். எந்தத் தகவலுக்குக் கட்டம் வைக்கலையோ, அதைப் பிறகு எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. தர்ஸ்டன் மூக்குக்குக் கட்டம் வைத்தார். "உங்க கதையை நீங்க எப்படிச் சொல்லுவீங்க?" என்ற கேள்விக்கு வைக்கவில்லை.

இன்னொரு வழுக்கலும் இருக்கு. பல்லாவரம் கோடாரியைச் செய்தவர்களின் நேர் வாரிசு இருளர்தான் என்று சொல்ல ஆதாரம் கிடையாது. "வாழும் கற்கால மனிதர்" என்ற பட்டம் மரியாதை மாதிரித் தெரியும். ஆனா அது அவர்களை வரலாற்றுக்கு வெளியே தள்ளிவிடும்.

இருளர் வரலாறு மிகச் சமீபத்தியதும்கூட. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதைத் தொடர்ந்த பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் பலருடைய பிழைப்பை நிறுத்தின. 1978ல் அவர்களுக்காக ஒரு கூட்டுறவுச் சங்கம் உருவானது. வடநெம்மேலியில் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றின் விஷத்தை எடுத்துவிட்டுப் பாம்புகளைத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். விஷமுறிவு மருந்து செய்ய அந்த விஷம்தான் போகிறது. 2017ல் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் மலைப்பாம்பு பிடிக்க ஃபுளோரிடா வரை போனார்கள். 2023ல் இருவருக்கும் பத்மஸ்ரீ. இதே ஜனங்களில் பலர் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கொத்தடிமையாகக் கிடந்ததும் இதே காலத்துக் கதைதான்.

கனடாவில் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015ல் 94 பரிந்துரைகள் வைத்தது. அதில் 67வது, பூர்வகுடிகளோடு சேர்ந்து உட்கார்ந்து அருங்காட்சியகக் கொள்கைகளை மறுஆய்வு செய்யச் சொல்கிறது. "சேர்ந்து" என்பதுதான் முக்கியம். அவர்களைப் பற்றி நாம் நல்லதாக நாலு வரி எழுதிவிட்டால் போதாது. எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாதுன்னு முடிவெடுக்கும் உரிமையும், அந்த வேலைக்கு ஊதியமும் அவர்களுக்கு வேண்டும்.

மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் இருளர் கூடிக் கன்னியம்மனைக் கும்பிடுகிறார்கள். கல்யாணமும் அங்கேயே நடக்கும். அந்தக் கூட்டத்தின் படத்துக்குக் கீழே என்ன எழுத வேண்டும் என்று அங்கே மணலில் உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம்தான் முதலில் கேட்கணும். "படமே வேண்டாம்" என்று அவர் சொன்னால், அதையும் ஏற்றுக்கொள்ளணும்.