பூனைக்கும் உண்டு குடும்பக் கட்டுப்பாடு! – ஒரு சின்ன வரலாறு

தலைப்பைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம் :) பி.காம் படிக்கிற ஆளுக்கும் பூனையின் கருத்தடைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. இந்த வரலாற்றைப் படிக்கப் படிக்க, பாதி மருத்துவத்தின் கதையாகவும் மீதிப் பாதி விலையின் கதையாகவும்தான் எனக்குப் பட்டது.

முதலில் கொஞ்சம் அடிப்படை. பெண் பூனை நான்கைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடலாம். கர்ப்ப காலம் சுமார் 65 நாட்கள். ஒரு தடவைக்குச் சராசரியாக நான்கு குட்டிகள், ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை. இன்னொரு விசேஷமும் உண்டு. இணை சேர்வதுதான் பூனையின் உடலில் கருமுட்டை வெளிவருவதைத் தூண்டுகிறது. ஆகவே சேர்ந்தால் பெரும்பாலும் சினைதான்.

"ஒரு ஜோடிப் பூனை ஏழு ஆண்டில் 4,20,000 பூனைகளாகிவிடும்" என்று ஒரு கணக்கு உலகம் முழுக்கச் சுற்றுகிறது. பிறக்கிற குட்டியெல்லாம் பிழைத்துவிடும் என்று வைத்துக்கொண்டால்தான் இப்படி ஒரு எண் வரும். நிஜம் வேறு. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் தெருப்பூனைகளைத் தொடர்ந்து கவனித்து 2004-ல் வெளியான ஆய்வில், நான்கில் மூன்று பங்கு குட்டிகள் ஆறு மாதத்துக்குள் செத்தோ காணாமலோ போயிருந்தன. பூனைகளின் எண்ணிக்கையை இயற்கை கட்டுப்படுத்துவது இப்படித்தான்!

மனிதன் மட்டும் என்ன செய்தான்? ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தேவையில்லாத குட்டிகளைத் தண்ணீரில் மூழ்கடிப்பது பல காலம் சாதாரண வீட்டு வேலையாக இருந்தது. கடுவன் பூனைக்குக் காயடிப்பதும் உண்டு. பண்ணைகளில் பூனையை ஒரு பெரிய பூட்ஸுக்குள் தலைகீழாகத் திணித்து, பின்பக்கத்தை மட்டும் வெளியே விட்டு, மயக்க மருந்து இல்லாமலே அறுத்துவிடுவார்கள்.

பெண் பூனைக்கு அப்படிச் செய்ய முடியாது. வயிற்றைத் திறந்து கருப்பையையும் சூலகங்களையும் எடுக்க வேண்டும். 1846-ல் பாஸ்டனில் ஈதர் மயக்க மருந்து மனிதர்களிடம் வெற்றிகரமாகக் காட்டப்பட்டது. ஆனால் செல்லப் பிராணிகளுக்கு இந்த அறுவை சிகிச்சை 1930களில்தான் மெல்ல மெல்ல வழக்கத்துக்கு வந்தது. 1940களில் பெனிசிலின் பரவியதும் தொற்றுப் பயமும் குறைந்தது.

சரி, வழி கிடைத்துவிட்டது. பிரச்சினை தீர்ந்ததா? அதுதான் இல்லை! 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க விலங்குக் காப்பகங்களில் ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட நாய்களும் பூனைகளும் கொல்லப்பட்டதாக மதிப்பீடுகள் சொல்கின்றன. சிகிச்சை இருந்தது, மருத்துவர்களும் இருந்தார்கள். சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகிற கட்டணம் மட்டும் இல்லை. ஓசியில் வந்த பூனைக்கு யார் அவ்வளவு செலவு செய்வார்கள்?

இதை முதலில் புரிந்துகொண்டவர்களில் ஒருவர் ஆலிஸ் ஹெரிங்டன். 1957-ல் நியூயார்க்கில் 'பிரெண்ட்ஸ் ஆப் அனிமல்ஸ்' அமைப்பைத் தொடங்கி, குறைந்த செலவில் கருத்தடை செய்ய ஏற்பாடு செய்தார். அடுத்த பெரிய படி 1971-ல். லாஸ் ஏஞ்சல்ஸ் நகர நிர்வாகமே குறைந்த கட்டணக் கருத்தடை மருத்துவமனை ஒன்றைத் திறந்தது. ஒரு அமெரிக்க நகரம் இப்படிச் செய்தது அதுவே முதல் முறை.

உடனே எதிர்ப்பு கிளம்பியது. "அரசாங்கம் எங்கள் பிழைப்பில் கை வைக்கிறது" என்ற ரீதியில் தனியார் கால்நடை மருத்துவர்கள் பலர் எதிர்த்தார்கள். நடந்தது என்ன தெரியுமா? நகரத்தில் நடந்த கருத்தடைகளில் பெரும்பான்மை தொடர்ந்து தனியாரிடமே நடந்தன! கருத்தடை என்ற எண்ணமே பரவியதால் மொத்தத் தேவை பெருகிவிட்டது. நம் பொருளியல் பாடத்தில் வரும் 'தேவை வளைகோட்டின் இடப்பெயர்வு'க்கு இதைவிட நல்ல உதாரணம் உண்டா? அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அந்நகரக் காப்பகங்களில் கொல்லப்பட்ட விலங்குகளின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. முழுப் பெருமையையும் அந்த மருத்துவமனைக்கே கொடுத்துவிட முடியாது. ஆனாலும் பிற ஊர்களுக்கு அது வழிகாட்டியது.

அடுத்த கேள்வி, எந்த வயதில் செய்வது? ஆறு மாதம் வரை பொறுப்பதுதான் நெடுநாள் வழக்கம். அதற்குள் பல பூனைகள் சினையாகிவிடும்! இரண்டு மாதக் குட்டிக்கே செய்யலாம் என்று லியோ லீபர்மன் என்ற கால்நடை மருத்துவர் 1987-ல் எழுதினார். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 1993-ல் இளவயதுக் கருத்தடைக்கு ஆதரவு தெரிவித்தது.

இது குட்டிகளின் எண்ணிக்கையோடு நிற்கிற விஷயம் இல்லை. தாய்ப் பூனையின் உயிரும் இதில் இருக்கிறது. பூனைக்கு வரும் மார்புக் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை புற்றுநோய்தான். 2005-ல் வெளியான ஒரு ஆய்வின்படி, ஆறு மாதத்துக்கு முன்பே கருத்தடை செய்த பூனைகளுக்கு அந்த அபாயம் 91 சதவீதம் குறைவு. கருப்பையில் சீழ் கட்டிச் சாகிற பயமும் போகும். கடுவன்கள் சண்டையிட்டுக் கடித்துக்கொள்ளும்போதுதான் பூனை எய்ட்ஸ் எனப்படும் எஃப்.ஐ.வி. வைரஸ் முக்கியமாகப் பரவுகிறது. காயடித்த கடுவன் ஊர் சுற்றுவதும் குறைவு, சண்டைக்குப் போவதும் குறைவு.

2019-ல் அமெரிக்கக் காப்பகங்களில் கொல்லப்பட்டவை சுமார் 9,20,000 என்று ஒரு மதிப்பீடு. ஒரு கோடியோடு ஒப்பிட்டால் எவ்வளவு பெரிய மாற்றம்! ஆனால் அதில் 5,30,000 பூனைகள், 3,90,000 நாய்கள். பூனை ஏன் அதிகம்? வீட்டுப் பூனைக்குக் கட்டணத்தைக் குறைத்தால் உரிமையாளர் தூக்கிக்கொண்டு வருவார். உரிமையாளரே இல்லாத தெருப்பூனையை யார் கொண்டுவருவது? யாராவது பிடித்து, கருத்தடை செய்து, அடையாளத்துக்குக் காது நுனியை வெட்டி, பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும். அந்தச் செலவை எந்தக் கணக்கில் எழுதுவது என்ற கேள்வி இன்னும் முடியவில்லை.

1930களில் கைக்கு வந்த ஒரு சிகிச்சை சாதாரண வீடுகளுக்குப் போய்ச் சேர நாற்பது ஆண்டுகள் ஆயின. அந்த இடைவெளியில் செத்த குட்டிகளை எந்த ஐந்தொகையிலும் காண முடியாது. உங்கள் வீட்டில் நான்கு மாதப் பெண் பூனை இருக்கிறதா? அடுத்த தடவை தடுப்பூசிக்குப் போகும்போது மருத்துவரிடம் இதையும் கேட்டுவிடுங்கள். "இன்னும் சின்னக் குட்டிதானே" என்று தள்ளிப் போடாதீர்கள்.